வயிற்றின் வழக்கு: உணவொழுக்கம் பற்றிய தமிழ்ப் பனுவல்களும் திருச்சுழி – நரிக்குடி வறள்நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

உடல் எடையைக் குறைப்பதற்கென உணவை எண்ணியும் விலக்கியும் உண்ணும் முறைக்கு மாற்றாக, பசியையும் நிறைவையும் வழிகாட்டியாகக் கொள்ளும் அணுகுமுறை அண்மைக் காலத்தில் பேசப்படுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இவ்வணுகுமுறைக்கு மிக நெருங்கியது. எனினும் இன்றைய நலவாழ்வு எழுத்துகள் பலவற்றில் அது பட்டினிக்கும் உணவு விலக்குக்கும் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. இக்கட்டுரை அவ்வதிகாரத்தையும், நல்வழியில் வயிற்றை நோக்கிப் பாடப்பட்ட வெண்பாவையும், அதற்கு மறுமொழியாகத் திருச்சுழியில் பிறந்த இரமண மகரிஷி வயிற்றின் கூற்றாகப் பாடிய வெண்பாவையும் இணைத்து வாசிக்கிறது. பசியைக் கேட்டு உண்ணுதல் என்பது உணவு உறுதிப்பட்ட இடத்தில் மட்டுமே அறிவுரையாக நிற்கும் என்னும் கருத்தைத் திருச்சுழி – நரிக்குடி வறள்நிலத்தை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருந்து அதிகாரம், நல்வழி, இரமணர், பசி, அளவு, பத்தியம், வறள்நில உணவு

முன்னுரை

‘டயட்’ என்னும் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ‘பத்தியம்’, ‘உணவுக் கட்டுப்பாடு’ ஆகிய இரண்டும் வழங்கப்படுகின்றன. இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. பத்தியம் மருந்தோடு வருவது. சித்த மருத்துவம் இச்சாபத்தியம், கடும்பத்தியம் என அதன் இறுக்கத்தை வகுத்ததோடு, மருந்துண்டு முடித்தபின் கடைப்பிடிப்பதற்கு மறுபத்தியம் எனத் தனிப்பெயரும் இட்டிருக்கிறது. அதாவது பத்தியத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒரு நோயும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்கும் வீட்டில் அக்குழம்பை ஆண்டு முழுதும் யாரும் வைப்பதில்லை. எடைக்குறைப்புக்காக மேற்கொள்ளப்படும் டயட்டிற்கோ நோய் வேண்டுவதில்லை, முடிவுநாளும் குறிக்கப்படுவதில்லை. உடலே அங்கு நோயாகக் கருதப்படுகிறது.

இப்போக்கிற்கு எதிர்வினையாக, 1995ஆம் ஆண்டில் எவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்னும் அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் இருவர் ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ என்னும் நூலை வெளியிட்டனர். டயட் மனநிலையைக் கைவிடுதல், பசியை மதித்தல், உணவோடு சமாதானம் கொள்ளுதல், வயிறு நிறைந்ததை உணர்தல், உண்பதில் மனநிறைவு காணுதல் எனச் செல்லும் அந்நூலின் பத்து நெறிகளுள் ஊட்டச்சத்து பற்றிய நெறி பத்தாவதாகவே இடம்பெறுகிறது. உடலின் சொல்லைக் கேட்கப் பழகாத ஒருவருக்கு ஊட்டச்சத்து அறிவும் மற்றொரு கட்டளையாகவே போய்விடும் என்பதே இவ்வரிசையின் உட்கிடை.

இவ்வணுகுமுறை தமிழுக்கு வரும்போது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, இது முற்றிலும் மேலைநாட்டுப் புதுமை எனக் கொள்ளுதல். மற்றொன்று, ‘இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னவை’ எனத் திருக்குறளில் ஒன்றிரண்டைக் காட்டி அமைதல். இரண்டாவது தவறே பெரியது. ஏனெனில் அது மூலப்பாடல்களைப் படிக்காமலேயே படித்துவிட்ட நிறைவைத் தருகிறது.

‘மருந்து’ அதிகாரத்தில் பெயர் சொல்லப்படாத உணவு

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் ‘மருந்து’. முதற்குறள் (941) வளி முதலான மூன்றும் மிகினும் குறையினும் நோயாகும் என்கிறது. அடுத்த ஆறு குறள்கள் (942–947) உண்ணும் முறையைப் பேசுகின்றன. இறுதி மூன்றும் (948–950) மருத்துவனுக்கு உரியவை. மருந்து எனப் பெயர் தாங்கிய ஓர் அதிகாரத்தில் பெரும்பகுதி உணவுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். ஆயின் அவ்வுணவுக்கு அங்கே பெயரே இல்லை என்பது போதிய கவனம் பெறவில்லை. நெல், தினை, பால், நெய், ஊன், கனி என ஒரு பண்டமேனும் இவ்வதிகாரத்தில் குறிக்கப்படவில்லை. எந்த உணவும் புகழப்படவில்லை, எதுவும் விலக்கப்படவுமில்லை. ஊனுணவை மறுப்பதற்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், அம்மறுப்பை அறத்தின் பகுதியில் அருளின் பொருட்டு வைத்தாரேயன்றி, உடல்நலத்தின் பொருட்டு ‘மருந்து’ அதிகாரத்தில் வைக்கவில்லை.

பண்டத்தின் இடத்தில் அங்கே நிற்பது வயிற்றின் நிலை. 942, 943, 944 ஆகிய மூன்று குறள்களிலும் தொடர்ந்து வரும் கருத்து ‘அற்றது’, அதாவது முன்னுண்டது செரித்தது என்பது. முன்னது செரித்ததா என உடலைக் கேட்டபின்னரே அடுத்த உணவு. 944 இன்னும் ஒருபடி மேலே சென்று நன்றாகப் பசித்திருத்தலை வேண்டுகிறது. அவ்விடத்தில் வள்ளுவர் பெய்யும் வினையும் நோக்கத்தக்கது. வெறுமனே ‘உண்க’ என்னாது ‘துய்க்க’ என்கிறார். துய்த்தல் நுகர்ந்து இன்புறுதல். பசித்தவனுக்கே உணவு நுகர்ச்சியாகிறது. 946 இதனை வெளிப்படையாகவே கூறுகிறது: குறைந்த அளவின் நன்மையை அறிந்து உண்பவனிடத்தில் இன்பம் நிலைபெறுவதுபோலப் பேருணவு கொள்பவனிடத்தில் நோய் நிலைபெறும். இன்பம் என்னும் சொல் மருத்துவம் பேசும் இடத்தில் வந்திருப்பது தற்செயலன்று. பேருணவு கொள்பவனைக் குறிக்கும்போது அவனது உணவை ‘இரை’ என்றதும் அவ்வாறே. பசியின்றிப் பெருக உண்பவன் நுகர்வதில்லை, இரை கொள்கிறான்.

‘அளவு’ என்னும் சொல் இவ்வதிகாரத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதும் காணத்தக்கது. 943இல் அது செரிக்கும் அளவு எனப் பரிமேலழகர் விளக்குவார். 947இல் வயிற்றுத் தீயின் அளவு. 949இல் நோயுற்றவனின் அளவும் நோயின் அளவும். இவற்றுள் ஒன்றும் எண்ணால் ஆனதன்று. உழக்கு, நாழி, பலம் எனத் தமிழர் அறிந்த முகத்தலளவையோ நிறுத்தலளவையோ அங்கு எடுத்தாளப்படவில்லை. அளவு உண்பவனின் உடலுக்குள் இருக்கிறது, வெளியில் இல்லை. இதுவே இவ்வதிகாரத்தின் மையம்.

944இல் வரும் ‘மாறல்ல’ என்பதற்குப் பரிமேலழகர் மூவகைப் பொருத்தம் கூறுவார். உண்பவனின் உடலியல்போடும், காலத்தின் இயல்போடும், பண்டங்கள் தமக்குள்ளும் முரணாதிருத்தல் வேண்டும் என்பது அவர் உரை. தேனும் நெய்யும் தம்முள் ஒத்த அளவில் கூடினால் நஞ்சாகும் என்பதை அவர் எடுத்துக்காட்டாக வைக்கிறார். தனித்தனியே நல்லவையான இரண்டு, சேர்க்கையால் தீயவை ஆகின்றன. ‘நல்ல உணவு’, ‘கெட்ட உணவு’ எனப் பண்டங்களை இருபால் படுத்தும் இன்றைய வழக்கை இவ்வெடுத்துக்காட்டு ஒன்றே ஐயத்திற்கு உள்ளாக்கும்.

இவ்வாசிப்புக்கு எதிராக நிற்கக்கூடிய குறள் 945. அது ‘மறுத்துண்ணல்’ என்கிறது. மறுத்தல் என்பது விலக்கல். எனவே வள்ளுவரும் கட்டுப்பாட்டையே வலியுறுத்தினார் எனலாம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உள்ளம் வேண்டும் அளவினால் அன்றிப் பிணி வாராத அளவினால் உண்ணுதல் என்பதே பரிமேலழகர் கொண்ட பொருள். அதன்படி இங்கே மறுக்கப்படுவது பண்டமன்று, மிகையே. ஆயினும் உள்ளத்தின் வேட்கைக்கும் வயிற்றின் தேவைக்கும் இடையே பிணக்கு உண்டு என்பதை வள்ளுவர் ஒப்புகிறார். ‘மனம் கேட்டதை உண்க’ என்னும் அளவுக்கு இன்றைய டயட் மறுப்பு எழுத்துகளுள் சில நெகிழ்ந்துவிடுகின்றன. ‘மருந்து’ அதிகாரம் அந்நெகிழ்ச்சியை ஏற்காது. அது கேட்பது வயிற்றின் சொல்லை, நாவின் சொல்லையன்று.

பட்டினியைப் பற்றி ஒரு சொல். 942ஆம் குறளை நோன்பிருத்தலுக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. ‘மருந்து’ அதிகாரத்தில் உண்ணாதிருத்தல் எங்கும் பரிந்துரைக்கப்படவில்லை. உண்ணா நோன்பை வள்ளுவர் அறியாதவரல்லர். 160ஆம் குறளில் உண்ணாது நோற்பவரைப் பிறர் கூறும் கடுஞ்சொல் பொறுப்பவருக்குப் பின்னாக வைக்கிறார். 225இல் பசி பொறுப்பவரின் ஆற்றலைப் பிறர் பசியை மாற்றுவாரின் ஆற்றலுக்குப் பின்னாக வைக்கிறார். இரண்டிடத்தும் நோன்புக்குக் கிடைப்பது இரண்டாம் இடம். உடலை இளைக்கச் செய்வதற்காக உண்ணாதிருத்தல் என்பது அந்நூலில் எங்கும் இல்லாத ஒன்று.

நாளும் நாழிகையும்

பிற்கால ஔவையாருடையதாக வழங்கும் நல்வழியின் பதினொன்றாம் வெண்பா வயிற்றை விளித்துப் பேசுகிறது. ஒருநாள் உணவின்றி இருவென்றால் வயிறு இருப்பதில்லை. இரண்டு நாளைக்கு உரியதை ஒருசேர ஏற்றுக்கொள் என்றால் ஏற்பதுமில்லை. தன் துன்பத்தை ஒருபோதும் அறியாத அதனோடு வாழ்வது அரிது என்பது பாடலின் முறையீடு. பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடமாகச் சொல்லி வந்த பாடல் இது. பொதுவாக இது துறவுணர்வின் வெளிப்பாடாக, உடலின் இழிவைக் கூறுவதாக விளக்கப்படுகிறது. ஆனால் பாடலின் சொல்லமைதி வேறொன்றைக் காட்டுகிறது. ‘இரண்டு நாளுக்கு ஏற்றுக்கொள்’ என வயிற்றிடம் மன்றாடுபவர் நாளைக்கு உணவு உண்டா என அறியாதவர். இன்று கிடைத்தது நாளை கிடைக்காது. கிடைத்த அன்று சேமிக்க முடியவில்லையே என்பதுதான் வயிற்றின்மீது அவர் சாட்டும் குற்றம். துறவியின் பாடலைவிட, ஊர் ஊராய் நடந்து பிறர் மனையில் உண்ட புலவரின் பாடலாகவே இது ஒலிக்கிறது.

இதற்கு மறுமொழியாக அமைந்தது இரமணரின் வெண்பா. இரமணர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். நரிக்குடியும் இன்று அவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டத்தைச் சேர்ந்ததே. ஒரு சித்திரா பௌர்ணமி விருந்தில் மிகுதியாக உண்டு வயிற்றுப் பொருமலால் வருந்திய அடியார்களிடையே நல்வழிப் பாடல் நினைவுகூரப்பட, வயிறு உயிரை நோக்கி முறையிடுவதாக இரமணர் அதனைத் திருப்பிப் பாடினார் என்பது ஆசிரம வரலாறு. ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வளிப்பதில்லை. ஒரு நாழிகைகூட நீ உண்பதை நிறுத்துவதில்லை. என் துன்பத்தை நீ அறியாய். உன்னோடு வாழ்வது எனக்கு அரிது என்கிறது வயிறு. பின்பாதியில் இரமணர் செய்த மாற்றம் மிகச் சிறிது. வயிற்றை விளித்த சொல் உயிரை விளிக்கும் சொல்லாகிறது. அவ்வளவில் குற்றம் சாட்டியவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

இவ்விரு பாடல்களையும் நகைச்சுவை மிக்க எதிர்ப்பாட்டு என்ற அளவில் இரசித்து விட்டுவிடுவது வழக்கம். அவற்றிடையே உள்ள கால அலகின் வேறுபாடு கருதப்படவில்லை. நல்வழிப் பாடல் ‘நாள்’ என்னும் அலகால் இயங்குகிறது. இரமணர் பாடல் ‘நாழிகை’ என்னும் அலகால் இயங்குகிறது. நாள் அறுபது நாழிகை. நாழிகை இருபத்துநான்கு நிமிடம். உணவைப் பற்றி நாள் கணக்கில் எண்ணுபவர் வறியவர்: இன்று உண்டா, நாளை உண்டா என்பதே அவர் கேள்வி. நாழிகைக் கணக்கில் உண்பவர் கொழித்தவர்: உண்ட உணவு இறங்குமுன் அடுத்த பலகாரம் வந்துவிடுகிறது. ஒரே யாப்பில், ஏறத்தாழ ஒரே சொற்களால், பற்றாக்குறையின் வயிறும் மிகுதியின் வயிறும் பேசிவிடுகின்றன. முதல் பாடலில் வயிறு பேசவில்லை, பேசப்படுகிறது. இரண்டாம் பாடலில்தான் அதற்கு வாய் கிடைக்கிறது. வயிற்றுக்கு வாய் கிடைப்பதற்கு ஒரு விருந்து வேண்டியிருந்தது என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது.

இரமணரின் ‘நான் யார்?’ என்னும் உரைநடை நூல் நியமங்கள் எல்லாவற்றினும் அளவான சாத்துவிக உணவு நியமத்தைச் சிறந்ததாகக் கூறுகிறது. எனவே அவரை எந்நியமமும் வேண்டாதவராகக் காட்டுதல் பிழை. ஆயின் அந்நூலில் அளவான உணவின் நோக்கம் மனத்தெளிவு; உடலின் வடிவன்று. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு, ஆன்மிகச் சிற்றுணவையும் எடைக்குறைப்புச் சிற்றுணவையும் ஒன்றெனக் காட்டும் எழுத்துகள் இரண்டையும் பிழைபடவே காண்கின்றன.

வெளியிலிருந்து வரும் அளவு

இரமணர் பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கி ஓய்ந்திருந்தது. அப்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாளருக்குரிய கூலி எவ்வளவு என்பது பெரும் விவாதமாயிற்று. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சப் பணிகளை மேற்பார்க்க வந்த ரிச்சர்டு டெம்பிள், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியத்தை அடிப்படையாகக் கொண்டு கூலியைக் குறைத்தார். கடும் உடலுழைப்பு செய்பவர்க்கு இது போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பின்னர் அவ்வளவு உயர்த்தப்பட்டது. உணவு அறிவியலின் வரலாற்றில் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ‘அளவு’ என்னும் சொல்லின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். வள்ளுவரின் தீயளவும் உற்றான் அளவும் இங்கே தராசுத் தட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. பசித்தவரிடம் பசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அளவை வெளியிலிருந்து விதித்தது ஆட்சி மட்டுமன்று. நல்வழியைப் போலவே ஔவையார் பெயரில் வழங்கும் கொன்றைவேந்தன், பெண்களுக்கு உணவைச் சுருக்குதல் அழகு என விதிக்கிறது. வயிறு எவ்விதத்திலும் அடங்காது என நல்வழியில் நொந்த அதே பெயர், பெண்ணின் வயிறு மட்டும் அடங்க வேண்டும் என்கிறது. இவ்விதிக்குக் காரணமாக நோயோ செரிமானமோ கூறப்படவில்லை; அழகு ஒன்றே கூறப்படுகிறது. தோற்றத்திற்காக உணவைக் குறைத்தல் என்னும் கருத்துக்குத் தமிழில் முன்னோடி தேடுவோர் ‘மருந்து’ அதிகாரத்தை விட்டு இவ்வடியிடம் வருவதே நேர்மையாகும். சிக்கன அறிவுரை, அடக்க அறிவுரை என அதனை மென்மைப்படுத்தும் விளக்கங்கள் உண்டு. ஆணுக்கு அதே சிக்கனம் ஏன் அழகாகவில்லை என்னும் கேள்விக்கு அவை விடை கூறுவதில்லை. எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்ணும் வீட்டுப்பெண்ணின் வழக்கத்திற்கு இவ்வடி நெடுங்காலம் நற்சான்று வழங்கி வந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தராசு ஆய்வகத்திற்குச் சென்றது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, சீக்கியர் உணவு முதலிடத்திலும் ‘மதராசி’ உணவு கடைசியிலும் நின்றன. தீட்டிய அரிசியின் குறையைக் கண்டறிந்த வகையில் இவ்வாய்வு பயனுடையது. ஆனால் தமிழரின் உணவு ஒன்றே, அது அரிசியே என அது கொண்ட எடுகோள் வறள்நிலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

நரிக்குடியில் இரு வயிறுகள்

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில், விருதுநகர் – மானாமதுரை இருப்புப்பாதையில் அமைந்த ஊர் நரிக்குடி; ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். கண்மாயை நம்பிய நெல்லும், வானத்தை நம்பிய மானாவாரிப் பயிரும், வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் இரண்டும் இல்லாமையும் இந்நிலத்தின் இயல்பு. அருப்புக்கோட்டை முதல் நரிக்குடி வரையான இப்பகுதியின் பழைய உணவு கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலி, வரகு ஆகியவற்றைச் சார்ந்தது. நெல்லுச்சோறு திருநாளுக்கு உரியது. உணவு உண்டதை விசாரிக்கும்போதும் ‘கஞ்சி குடிச்சாச்சா?’ என்றே கேட்பர்.

இவ்வட்டாரப் பேச்சில் வயிற்றைக் குறிக்கும் தொடர்கள் ‘மருந்து’ அதிகாரத்திற்கு வாழும் உரையாக உள்ளன. ‘பசி எடுக்குது’, ‘பசி மந்திச்சுப் போச்சு’, ‘வயித்துக்குச் சேரல’, ‘ஒத்துக்கல’ ஆகியவற்றில் எழுவாயாகவோ நடுவராகவோ நிற்பது வயிறே. ஒத்துக்கொள்ளாத உணவைக் ‘கெட்ட உணவு’ என இவ்வழக்கு கூறுவதில்லை. ‘எனக்குச் சேரல’ என்றே கூறும். ‘மாறல்ல’ என்பதற்குப் பரிமேலழகர் கூறிய முதற்பொருத்தம், உண்பவனின் இயல்போடு முரணாமை, இதுவே. ஆனால் இதே பேச்சில் ‘கால் வயிறு’, ‘அரை வயிறு’ என்னும் தொடர்களும் உள்ளன. வயிற்றையே முகத்தலளவையாக்கிய இத்தொடர்கள் பற்றாக்குறையிலிருந்து பிறந்தவை. அரை வயிற்றுக் கஞ்சியோடு எழுபவரிடம் ‘வயிற்றின் சொல்லைக் கேட்டு உண்க’ என்பது அறிவுரையாகாது. அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

திருக்குறள் இவ்விரு பசிகளையும் வேறுபடுத்தியிருக்கிறது. 944இல் வரும் பசி உண்பதற்கு முன்நிபந்தனை, நலத்தின் அறிகுறி. 734இல் நாட்டில் இருத்தலாகாது எனப்படும் மிகுபசி, பிணியோடும் பகையோடும் எண்ணப்படுவது. 227இல் பசியே தீய பிணி எனப்படுகிறது. அதற்கு மருந்து செரிமானமன்று, பகுத்துண்ணல். பொருட்பாலில் ‘நாடு’ அதிகாரம் ‘மருந்து’ அதிகாரத்திற்கு முன்னே நிற்பது நூலமைப்பின் வரிசை மட்டுமே ஆகலாம். வாசிப்புக்கும் அவ்வரிசையே பொருந்தும். முன்னது இல்லாத இடத்தில் பின்னது வெற்றுச்சொல்.

நெடும்பட்டினி வயிற்றின் சொல்லையே குலைத்துவிடும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆடவர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் இடைவிடாது உணவையே எண்ணினர்; சிலர் சமையல் நூல்களைப் படிப்பதில் ஆழ்ந்தனர்; உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது பெருமளவு உண்டும் நிறைவு காணாதிருந்தனர். வறுமையால் நேர்ந்த பட்டினிக்கும் விரும்பி மேற்கொண்ட டயட்டிற்கும் காரணம் வேறு. உடல் அவ்வேறுபாட்டை அறியாது. பஞ்சம் பழகிய நிலத்தில் சோற்றைக் கண்டதும் நிறைய உண்ணும் வழக்கத்தைப் பேராசை எனப் பழிப்பவர் இதனைக் கருத வேண்டும். நல்வழிப் பாடல் வயிற்றிடம் கேட்டுத் தோற்ற ‘இரண்டு நாள் உணவு’ இதுதான்.

இன்றைய நிலை மேலும் சிக்கலானது. தமிழகத்தில் 2011 சூன் முதல் பொது வினியோகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. திருநாள் உணவு அன்றாட உணவாயிற்று. இதனைச் சிறுதானியத்தின் வீழ்ச்சி என்று மட்டும் வருந்துவோர், கம்பும் குதிரைவாலியும் இடித்துப் புடைத்த பெண்களின் தோள்வலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், அதே தானியங்கள் எடைக்குறைப்பு உணவாக நகரக் கடைகளில் வண்ணப் பொதிகளில் விற்கப்படுகின்றன. ஒரு காலத்தில் வேறு வழியின்றி உண்ணப்பட்டது இன்று வேறு பலவற்றை விலக்குவதற்காக உண்ணப்படுகிறது. இவ்விரண்டிலும் குதிரைவாலிச் சோற்றின் சுவை பேசப்படவே இல்லை.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர், பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையினர், 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்தோர். இவை மாநில அளவிலான எண்கள். முதலிரண்டையும் கூட்டினால் தொண்ணூற்றைத் தாண்டுகிறது என்பதே போதும்: மிகை எடையும் இரத்தசோகையும் ஒரே உடலிலும் கூடியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் இல்லாதோர் மிகச் சிலராக இருக்க வேண்டும். மிகை எடையுடைய பெண்ணிடம் ‘குறைத்து உண்’ என்னும் அறிவுரை, அவளது இரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருப்பதை மேலும் குறைக்கும். கொன்றைவேந்தன் அடியும் டயட் அட்டவணையும் இவ்விடத்தில் கைகோக்கின்றன. நல்வழியின் வயிறும் இரமணர் பாடலின் வயிறும் இருவேறு மனிதருடையவை என்று இனிக் கொள்வதற்கில்லை. 2018இல் நிதி ஆயோக் தமிழகத்திலிருந்து முன்னேற விழையும் மாவட்டங்களாகத் தெரிந்தெடுத்த இரண்டனுள் விருதுநகரும் ஒன்று. நலமும் ஊட்டச்சத்தும் அத்திட்டத்தின் முதன்மைத் துறைகளுள் அடங்கும்.

நீரிழிவு போன்ற நோயுற்றவர்க்குப் பசியை மட்டும் நம்புதல் போதாது என்னும் மறுப்பு நியாயமானதே. அங்கே 949ஆம் குறள் பணி செய்யும்: நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே கற்றவன் செயற்பட வேண்டும். இது பத்தியத்தின் களம். ஒருவருக்கென ஒருவர் வகுப்பது. ஒரே அட்டவணையை ஊருக்கெல்லாம் அச்சிட்டு வழங்குவதை அக்குறள் ஒப்பாது.

2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 17 வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பலவகை உணவு உண்ணுதலே அவற்றுள் முதல் நெறி. அதனோடு வெளியான ‘ஒருநாள் தட்டு’ப் படத்தில் தட்டின் பாதியைக் காய்கறி, கீரை, கனி ஆகியவை நிறைக்கின்றன. விலக்குவதைவிடச் சேர்ப்பதைப் பேசும் வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும் நரிக்குடிப் பகுதியில் நூறுநாள் வேலைக்குச் செல்லும் பெண் தன் பகலுணவைக் கொண்டு செல்வது தட்டில் அன்று, தூக்குவாளியில். அதில் கஞ்சியும், மூடியில் ஒரு வெங்காயமோ மோர்மிளகாயோ துவையலோ இருக்கும். தூக்குவாளியில் பாதியைக் காய்கறியால் நிரப்ப இயலாது. கஞ்சி குறைய வேண்டியதில்லை. வெஞ்சனம்தான் கூட வேண்டும். அவ்வெஞ்சனம் கூடுவது, கண்மாயில் நீர் நின்று வீட்டுக் கொல்லையில் முருங்கையும் அவரையும் காய்ப்பதையும், சந்தையில் காய் விற்கும் விலையையும், வாங்கிவந்த முட்டை யாருடைய கும்பாவில் விழுகிறது என்பதையும் பொறுத்தது. தெளிந்த நீர்போன்ற புற்கையே ஆயினும் தன் உழைப்பில் வந்ததைவிட இனியது இல்லை என்னும் 1065ஆம் குறள் அந்தத் தூக்குவாளிக்கு உரிய இன்பத்தை வழங்கிவிடுகிறது. ஆனால் அது ‘இரவச்சம்’ அதிகாரத்துக் குறள், ‘மருந்து’ அதிகாரத்தது அன்று. அப்புற்கை உடலுக்குப் போதும் என வள்ளுவர் எங்கும் கூறவில்லை.